மூக்கு மழுங்காத குண்டு

மாயவரத்துக்குச் சிறுத்தை வந்த சமாசாரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ஆம் தேதி இரவு, ஊருக்குள் ஒரு சிறுத்தை சாவதானமாக நடந்து போனதைத் தெருக் காமிரா ஒன்று படம் பிடித்துவிட்டது. மறுநாள் பொழுது விடிந்ததும் ஊரே அல்லோலகல்லோலம். சில பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. வனத்துறையினர் கூண்டும் காமிராவுமாக வந்து இறங்கினார்கள். வயலும் வாய்க்காலும் மூங்கில் கொல்லையுமாக இருக்கிற சீமையில் சிறுத்தைக்கு என்ன வேலை என்று எல்லாருக்கும் ஆச்சரியம். காவிரிக் கரைக்காரர்களுக்குத் தெரிந்த பெரிய மிருகமெல்லாம் கோயில் யானை ஒன்றுதான். மிஞ்சிப்போனால், கோடிக்கரைக்குப் போனவர்கள் வெளிமானைப் பார்த்திருப்பார்கள்.

அந்த வாரம் நான் மாயவரத்தில், அத்தை வீட்டில் இருந்தேன். கல்யாணம் ஒன்றுக்குப் போனவன், மாட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே அத்தை வாசற் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். கொல்லைப்புறம் போக வேண்டுமானால் டார்ச் விளக்கோடு இரண்டு பேர் துணை!

மூன்றாம் நாள் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏண்டாப்பா, பத்திரிகைக்காரா! இத்தனை போலீஸ், இத்தனை ஜீப்பு. ஒருத்தன் கையிலே துப்பாக்கி இல்லையா? டுமீல் என்று ஒரு வெடி போட்டால் தீர்ந்தது. இதற்குப் போய்க் கூண்டு வைக்கிறானாம், ஆட்டுக்குட்டி கட்டுகிறானாம்!"

ஊஞ்சலில் படுத்திருந்த மாமா எழுந்து உட்கார்ந்தார். மாமாவுக்கு எண்பது வயசுக்கு மேல் ஆகிறது. அதிகம் பேச மாட்டார்.

"சுடுவது இருக்கட்டும். எந்தத் தோட்டாவால் சுடுவாய்?" என்றார்.

அத்தை திகைத்துப் போனாள். "தோட்டாவிலே என்ன, அம்பாசமுத்திரம் அரிசி, ஆற்காட்டு அரிசி என்று ரகமா இருக்கிறது?"

"இருக்கிறது" என்று சொல்லிவிட்டு மாமா தம் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பாக்குக்கும் சீவலுக்கும் அடியிலே துழாவி எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டு விரலில் முக்கால்வாசி நீளம், செப்பு நிறம், நுனி வழவழவென்று இருந்தது. துப்பாக்கிக் குண்டு! கடையில் அப்போதுதான் வாங்கினது போல அவ்வளவு புதிசாக இருந்தது.

"இது ஒரு பன்றியின் உடம்புக்குள்ளே புகுந்து வெளியே வந்த குண்டு. மூக்கு மழுங்கியிருக்கிறதா, பார்!" என்றார்.

இல்லை. அவர் வருத்தமெல்லாம் அதுதான்.

மாமா சொன்ன கதை 1963-ஆம் வருஷத்தது. அப்போது அவருக்கு இருபத்தோரு வயசு. அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லா மிராசுதார் வீடுகளில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருப்பது சாதாரணம். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் உள்ளான் சுடுவதும், ஏரியில் தாரா சுடுவதும்தான் அதற்கு வேலை. உள்ளான் என்பது ஒரு பிடி பறவை. அதற்குத் தோட்டாவுக்குள்ளே சின்னச் சின்ன ஈயக் குண்டுகள் போட்டிருக்கும். 'ரவை' என்றே சொல்வார்கள். உப்புமாவுக்குப் பொடி ரவை, பெரும் ரவை என்று பார்த்து வாங்குகிறோமே, அதே மாதிரி இதிலும் நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற ரவை பொடியாகும். உள்ளானுக்கு எட்டாம் நம்பர். ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

மாமா கதைக்கு வருவோம். கல்லூரிச் சிநேகிதர் ஒருவருக்கு ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம். "உள்ளான் சுட்டது போதும், பெரிய வேட்டைக்கு வா" என்று அழைத்தார். அங்கே இருந்தது ரைபிள். ரைபிளில் ரவை கிடையாது, ஒற்றைக் குண்டுதான். குழலின் உட்புறம் திருகு திருகாகக் காடி வெட்டியிருக்கும். அதனால் குண்டு பம்பரம் போலச் சுழன்று நேரே போகும். அலமாரியில் இரண்டு பெட்டித் தோட்டா இருந்ததாம். ஒன்றில் குண்டின் நுனியில் ஈயம் வெளியே தெரிந்தது. பார்க்க அசிங்கமாக, பென்சிலின் மழுங்கின முனை மாதிரி இருந்தது. மற்றதில் நுனி வரைக்கும் செப்புக் கவசம், பளபளவென்று. இருபத்தோரு வயசு எதை எடுக்கும்? பளபளப்பானதைத்தான் எடுத்தார்.

அன்று அந்தி வேளையில் ஒரு பன்றி வந்தது. மாமா சுட்டார். குண்டு பட்டது நிச்சயம். ஆனால் பன்றி விழவில்லை. ஒரு தரம் உலுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. தரையிலே இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். பின்னால் நின்ற பலா மரத்தில் குண்டு பதிந்திருந்தது. தோட்டத்து ஆள் அரிவாளால் அதைத் தோண்டி எடுத்துக் கொடுத்தான். "கோணியில் ஊசி நுழைந்த மாதிரி நுழைந்து போய்விட்டது, தம்பி" என்றானாம்.

இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் ஓடை ஓரத்தில் கண்டார்கள். பன்றி உட்கார்ந்திருந்தது. செத்திருக்கவில்லை.

அதற்கு மேல் மாமா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுத் துப்பாக்கியை அப்பாவிடம் சொல்லி விற்கச் செய்துவிட்டாராம்.

அந்த அசிங்கமான ஈய மூக்குக் குண்டின் மகத்துவம் என்ன என்று நான் பிறகு சென்னைக்கு வந்து படித்துப் பார்த்தேன். நமக்கெல்லாம் வேட்டை என்றால் தைரியம், குறி, மீசை! உண்மையில் பாதி விஷயம் தோட்டாக் கடையிலேயே தீர்மானமாகிவிடுகிறதாம்.

குண்டு பட்டதனாலேயே மிருகம் செத்துவிடுவதில்லை. இருதயமோ சுவாசப்பையோ கிழிந்து, ரத்தம் சட்டென்று வடிந்து, மூளைக்கு ரத்தம் போவது நின்றால்தான் சில விநாடிகளில் நினைவு தப்பும். அதற்குக் குண்டு உள்ளே போனதும் விரிய வேண்டும். நுனியில் ஈயம் தெரிகிற குண்டு சதையில் பட்டதும், மழைக்காலத்துக் காளான் குடை விரிக்கிற மாதிரி, ஏறக்குறைய இரண்டு பங்கு அகலத்துக்கு விரிந்துவிடும். வழியும் அகலமாகிறது; வேகமெல்லாம் மிருகத்தின் உடம்புக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. முழுக் கவசம் போட்ட குண்டோ விரியாது. வலது பக்கம் புகுந்து இடது பக்கம் வெளியேறி, மிச்ச வேகத்தைப் பலா மரத்துக்குத் தானம் செய்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. விரிகிற குண்டு பேர் பெற்றது நம் தேசத்தில்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்தில், இன்று விமான நிலையம் இருக்கிற டம்டமில், வெள்ளைக்காரர்களின் ஆயுதச் சாலை இருந்தது. அங்கே 1890-களில், குண்டின் நுனிக் கவசத்தைக் குறைத்து ஈயத்தை வெளியே விட்டு ஒரு தோட்டா செய்தார்கள். எல்லைப்புறச் சண்டைகளில் சாதாரணக் குண்டு பட்டவர்கள் விழாமல் ஓடி வந்தார்களாம், அதற்காக! உலகம் 'டம்டம் குண்டு' என்று அலறியது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய மகாநாடு, யுத்தத்தில் விரியும் குண்டு கூடாது என்று பிரகடனம் செய்தது. ஆக, மனிதனைச் சுட அது கொடுமையான குண்டு.

ஆனால் மானைச் சுட? இங்கிலாந்தில் 1991-ஆம் வருஷத்து மான் சட்டத்தைப் பாருங்கள். மானைச் சுடும் ரைபிள் குண்டு மென்மையான மூக்கோ, குழிந்த மூக்கோ உடையதாகத்தான் இருக்க வேண்டும். விரியாத குண்டால் சுட்டால் குற்றம்! மனிதனுக்கு எது கூடாதோ, மிருகத்துக்கு அதுதான் கருணை. முதலில் எனக்கும் இது பேத்தலாகத்தான் பட்டது. யோசித்தால் நியாயம் புரிகிறது. யுத்தத்தில் காயம் பட்டவனைத் தூக்கிப் போக டோலி உண்டு, டாக்டர் உண்டு, பிழைக்க வழி உண்டு. காட்டில் காயம் பட்ட மானுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடுவதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய உபகாரம்.

அந்தச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பெரிய மானைச் சுடுகிற குண்டுக்குக் குழலைவிட்டுக் கிளம்பும்போது குறைந்தது 1,700 அடி-ராத்தல் சக்தி வேண்டுமாம். அடி-ராத்தல் என்றால் ஒரு ராத்தலை ஓர் அடி உயரத்துக்குத் தூக்குகிற சக்தி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 75 கிலோ நெல் மூட்டையைப் பத்தடி உயரத்துக்குத் தூக்குகிற பலம். ஒரு மானுக்கே இத்தனை!

மிருகம் பெரிசானால் கணக்கு மாறுகிறது. மெல்லிய குண்டு மிக வேகமாகப் போய்க் காட்டெருமையின் தோள் எலும்பில் பட்டால், அங்கேயே பொடிப்பொடியாகச் சிதறிவிடும். மேலுக்குப் பெரிய காயம். உள்ளே ஒன்றும் ஆகாது. அது மாமாவின் குண்டை விடவும் மோசம். ஆகவே எலும்பு கனக்கக் கனக்கக் குண்டும் கனக்க வேண்டும். யானைக்கோ எல்லாமே தலைகீழ். அதன் மண்டை தேன்கூடு மாதிரி எலும்பு அறைகளால் ஆனது. விரிகிற குண்டு பாதியிலேயே நின்றுவிடும். அங்கே மட்டும் முழுக் கவசக் குண்டுதான் சரியாம். பெல் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், ஆப்பிரிக்காவில் மெல்லிய ரைபிளையும் இந்த முழுக் கவசக் குண்டையும் வைத்துக்கொண்டே ஆயிரம் யானைகளுக்கு மேல் சுட்டவர். மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டாராம். வித்தைதான்; ஆனால் கேட்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

ஒரு குண்டு தப்பினால் யாருக்கு நஷ்டம்? மிருகத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பாவத் புலியின் கதையைப் படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது.

ஜிம் கார்பெட்டின் பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இமயமலை அடிவாரத்துக் குமாவூன் பிரதேசத்தில் ஆட்கொல்லிகளை வேட்டையாடியவர். 1907-இல் அவர் சுட்ட முதல் ஆட்கொல்லி, சம்பாவத் என்ற ஊரைச் சுற்றித் திரிந்த பெண் புலி. நேபாளத்திலும் குமாவூனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்று கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். அந்த மலையில் புல்லறுக்கவும், மாட்டுக்குத் தழை ஒடிக்கவும், சுள்ளி பொறுக்கவும் காட்டுக்குப் போகிறவர்கள் பெண்கள்தானே? கடைசியாகப் பலியானவளும் சுள்ளி பொறுக்கப் போன ஒரு சின்னப் பெண். பதினாறோ பதினேழோ வயசு.

புலி விழுந்த பிறகு கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் போயிருந்தன. மேல் பல் பாதியாக முறிந்திருந்தது. கீழ்ப் பல் எலும்பு வரைக்கும் போயிருந்தது. என்றோ ஒரு நாள் யாரோ சுட்ட துப்பாக்கிக் காயம். பல் போன புலியால் காட்டு மிருகங்களைப் பிடிக்க முடியவில்லை. மனிதர்களைப் பிடிக்க ஆரம்பித்தது.

அந்த 'யாரோ' யார்? பெயர் தெரியாது. என்ன துப்பாக்கி, என்ன தோட்டா என்பதும் தெரியாது. ஒரு வெடி போட்டுவிட்டு, "பட்டது போலிருக்கிறது, போய்விட்டது" என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். அவன் விட்டுப்போன பாக்கியை 436 குடும்பங்கள் கட்டின.

வேடிக்கையைக் கேளுங்கள். அதே புலியைச் சுடும் கடைசிக் கட்டத்தில் கார்பெட்டிடமே தோட்டா தீர்ந்துவிட்டது! கொண்டு போனதே மூன்றுதான். ஓடிப் போய்த் தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கி வந்தார். அது குழல் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம் என்று ஆடுகிற துப்பாக்கி. இருபதடி தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறி பார்த்தார். குண்டு பட்டதோ முன்னங்காலில். முன்னே தம் ரைபிளால் சுட்ட சுடுகள்தான் வேலை செய்திருந்தன, புலி சரிந்தது. கார்பெட்டே ஆனாலும் ஆயுதம் சரியில்லாவிட்டால் குறி தப்பும் என்பதை ஒளிக்காமல் எழுதிவைத்தாரே, அந்த மனிதரை மெச்ச வேண்டும்.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1967-இல், நம் கோடிக்கரை வெளிமான்களுக்குச் சரணாலயம் கிடைத்துவிட்டது. இன்றைக்குப் புலி, சிறுத்தையைச் சுட வேண்டுமானால், அது மனித உயிருக்கு ஆபத்து என்று மாநிலத்தின் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவு போட வேண்டும். பிடிக்கவும் முடியாது, மயக்கவும் முடியாது என்று ஆன பிறகுதான். 2014 ஜனவரியில், ஊட்டிப் பக்கம் மூன்று பேரைக் கொன்ற புலியை அப்படித்தான் சுட்டார்கள்.

சுடும்போதும் தோட்டாக் கணக்கு உண்டு. ஆட்கொல்லியைச் சுடப் போகிறவரிடம் புள்ளி 375 மாக்னத்துக்குக் குறைந்த துப்பாக்கி கொடுக்கக் கூடாது என்று தேசியப் புலிகள் ஆணையத்தின் வழிகாட்டுக் குறிப்பு சொல்கிறது. குழலின் அகலம் ஏறக்குறைய ஒன்பதரை மில்லி மீட்டர். அதன் குண்டு வழக்கமாக 300 கிரெயின், அதாவது பத்தொன்பது கிராம் சொச்சம். நம் கணக்கில் இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு! ஒரு தாலிச் சங்கிலி அளவு ஈயமும் செம்பும், விநாடிக்கு 2,500 அடி வேகத்தில். நெல் மூட்டையை இருபத்தைந்து அடி தூக்கும். புலிக்கு இவ்வளவு எதற்கு என்றால், சம்பாவத்துக் கதை திரும்பி வரக் கூடாது என்பதற்குத்தான்.

2021-இல் மசினகுடிப் பக்கத்தில் 'டி23' என்ற புலியைத் தேடினார்களே, அப்போது சென்னை உயர் நீதிமன்றம், கொல்லாமல் பிடிக்கப் பாருங்கள் என்றது. மூன்று வாரம் போல அலைந்து, அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துவிட்டார்கள். அந்த ஊசியும் ஒரு தோட்டாதான், மருந்துத் தோட்டா. புதருக்குள் அரைகுறையாகத் தெரிகிற மிருகம் எத்தனை கிலோ இருக்கும் என்று கண்ணாலேயே எடை போட வேண்டும். மருந்து குறைந்தால் அரை மயக்கத்தில் ஓடிக் கிணற்றிலோ ஆற்றிலோ விழும். கூடினால் எழுந்திருக்காது. குழந்தைக்கு ஜுர மருந்து அளந்து ஊற்றுகிற தாய்மார்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

சட்டம் வந்தும் ஓயாத ஒரு கொடுமை உண்டு. பன்றிக்கு வைக்கிற வெடி. பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ நாட்டு வெடியை மறைத்து வைப்பார்கள். 'அவுட்டுக்காய்' என்று பெயர். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காட்டு ஜில்லாவில், அப்படிப்பட்ட வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானை ஒன்று, எரிச்சல் தாங்காமல் ஆற்றில் இறங்கி நின்றுகொண்டே செத்தது. அது கர்ப்பிணி. பயிரைப் பறிகொடுத்த குடியானவனின் கோபம் எனக்குப் புரிகிறது. கதிர் முற்றின வயலை ஒரே ராத்திரியில் உழுதுபோட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அவன் குறையைக் கேட்டுத்தான் கேரளத்தில் 2022-இல் பன்றியைச் சுட ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று ஏற்பாடானது. சுடத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், வெடியைவிடக் குண்டு ஆயிரம் மடங்கு மேல் என்பேன். ஆனால் மாமா கேட்ட கேள்வியை ஒவ்வொரு தரமும் கேட்க வேண்டும்.

மாயவரத்துச் சிறுத்தை கடைசி வரையில் கூண்டுக்குள் வரவில்லை. மனிதர் யாரையும் தொடவும் இல்லை. சில நாள் கழித்து, கொள்ளிடம் தாண்டி அரியலூர்ச் சீமையில் செந்துறைப் பக்கம் அதைப் பார்த்ததாகப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். டெலிபோனில் அத்தைக்குச் சொன்னேன்.

"போகட்டும், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்" என்றாள் அத்தை. டுமீல் என்றவள் அவளேதான்!

"மாமா என்ன செய்கிறார்?" என்று கேட்டேன்.

"என்ன செய்வார்? நீ போனதிலிருந்து அந்தப் பீடை பிடித்த குண்டை வெளியிலே எடுத்து ஊஞ்சல் பலகையிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆற்றிலே எறிந்துவிட்டு வாருங்கள் என்றால் கேட்கவில்லை. மறுபடியும் பெட்டியிலேயே போட்டுக்கொள்கிறார். நீயாவது சொல்லேன்."

நான் என்னத்தைச் சொல்கிறது? சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு டெலிபோனை வைத்துவிட்டேன்.